மாத்திரையின் அளவை மாற்றும் உப்பு

1949ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்காவில் இதய நோயாளிகள் சிலருக்குத் திடீரென்று கை நடுங்கத் தொடங்கியது. நடை தள்ளாடியது, பார்வை மங்கியது, நாக்கு குழறியது. சிலர் நினைவிழந்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். அவர்கள் எல்லார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒரு சிறிய பாட்டில் இருந்தது. சாப்பாட்டில் உப்பே கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டவர்களின் நாவுக்கு, உப்பின் சுவையை மட்டுமாவது தரட்டும் என்று கடைகளில் விற்கப்பட்ட திரவம் அது. 'வெஸ்ட்சால்' என்பது அப்படி விற்ற சரக்குகளில் ஒன்றின் பெயர். உள்ளே இருந்தது லித்தியம் குளோரைடு. விபரீதம் தெரிந்ததும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைக் கடைகளிலிருந்து அகற்றியது.

அதே 1949இல், செப்டம்பர் மாதம், ஆஸ்திரேலியாவின் மருத்துவ இதழ் ஒன்றில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மெல்போர்னை அடுத்த ஒரு மனநல மருத்துவமனையில், பித்துநிலை முற்றிய பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்து அவர்கள் அமைதியடைந்ததைப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தார். மனநோய்க்கு நம்பகமான மருந்தே இல்லாத காலம் அது. இன்றும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் முதல்தர மருந்து.

ஒரே பொருள், ஒரே ஆண்டு. ஓரிடத்தில் கொன்றது, ஓரிடத்தில் காத்தது. அமெரிக்கர்கள் அளவில்லாமல் ஊற்றிக்கொண்டார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடக் கொடியது இன்னொன்று: அவர்கள் உணவில் உண்மையான உப்பு இல்லை. உப்பு இல்லாத உடம்பில் லித்தியம் வெளியேறாமல் தங்கிவிடும். எந்தப் பத்தியத்துக்குத் துணையாக அந்தப் பாட்டில் விற்கப்பட்டதோ, அந்தப் பத்தியமே அதை நஞ்சாக்கியது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்த நீரோடு வடிந்து வரும் உப்பை எடை போட்டால் சுமார் ஒன்றரைக் கிலோ தேறும். நாம் தின்பதோ நாளுக்குப் பத்துக் கிராம் அளவில். வடிந்ததை எல்லாம் போகவிட்டால் ஒரு நாள் தாங்க மாட்டோம். ஆகவே சிறுநீரகம் வடித்த உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அன்று தின்ற அளவுக்கு மட்டும் வெளியே விடுகிறது. ஒன்றரைக் கிலோவை அள்ளி, பத்துக் கிராமை மட்டும் கணக்காக ஒதுக்கும் இந்த வேலை இரவும் பகலும் நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

திரும்ப இழுக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீரக நுண்குழாயின் முதல் வளைவிலேயே முடிந்துவிடும். அங்கே ஒரு குறை உண்டு. தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பது லித்தியம். இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம், ஏறத்தாழ ஒரே குணம். அந்த முதல் வளைவுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. உடம்பில் உப்பு தாராளமாக இருக்கும்போது சிறுநீரகம் நிதானமாக இழுக்கும். லித்தியமும் போதுமான அளவு வெளியேறும். உப்பு குறைந்துவிட்டால், பஞ்சகாலத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்குவதுபோல, சோடியத்தை ஒன்று விடாமல் பொறுக்கும். கூடவே லித்தியத்தையும் பொறுக்கிக்கொள்ளும்.

லித்தியத்துக்கு உடம்பை விட்டுப் போக சிறுநீரகத்தை விட்டால் வேறு வழி கிடையாது. மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது: இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை மருந்து, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால்தான் லித்தியம் சாப்பிடுகிறவர்களிடம் "உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், திடீரென்று கூட்டவும் வேண்டாம்" என்கிறார்கள். கூட்டினால் மருந்து சிறுநீரில் அடித்துக்கொண்டு போய் நோய் தலைதூக்கும். கத்திரி வெயிலில் வயல்வேலை செய்து வியர்வையில் உப்பை இழப்பவருக்கும், வாந்தி பேதியில் படுத்தவருக்கும், யாரோ சொன்னார்கள் என்று உப்பில்லாப் பத்தியம் தொடங்கியவருக்கும் மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே மருந்தின் அளவு மாறிவிடுகிறது. இது லித்தியத்துக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் விழுங்கும் பிரஷர் மாத்திரைகளில் பலவற்றின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நடுவில் ஒரு ஹார்மோன் வருகிறது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து வடித்த சாற்றை மற்ற முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றின் இரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு 1898இல் ரெனின் என்று பெயரிட்டார்கள். சிறுநீர் பிரிக்கும் உறுப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதை அன்று பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1934இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி அவற்றின் அழுத்தத்தை நிரந்தரமாக ஏற்றிக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ரெனின் சுரக்கும் இடம் அழகானது. ஒவ்வொரு நுண்குழாயும் வளைந்து நெளிந்து, தான் புறப்பட்ட வடிகட்டியின் வாசலுக்கே ஒருமுறை திரும்பி வருகிறது. அந்த இடத்தில் குழாய்ச் சுவரில் இருபது முப்பது செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. குழாயில் ஓடிவரும் உப்பை அவை ருசி பார்க்கின்றன. ஆம், ருசி பார்ப்பது என்றே சொல்லத் தோன்றுகிறது. உப்பு குறைவாக வந்தால் பக்கத்துச் செல்களுக்குத் தகவல் போகும். அவை ரெனினை இரத்தத்தில் விடும். ரெனின், கல்லீரல் அனுப்பிய ஒரு புரதத்தை வெட்டும். வெட்டிய துண்டை நுரையீரலில் உள்ள நொதி இன்னொரு முறை நறுக்கும். அப்போது பிறப்பது ஆஞ்சியோடென்சின் 2. அது இரத்தக் குழாய்களை இறுக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டீரோன், போகிற உப்பைத் தடுத்து நிறுத்தி, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

இந்த ஏற்பாடு எதற்காக உருவானது என்று பார்க்க வேண்டுமானால் அமேசான் காட்டின் யனோமாமி மக்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் உணவில் உப்பு சேர்க்காதவர்கள். 1975இல் வெளிவந்த ஆய்வில், அவர்கள் சிறுநீரில் ஒரு நாள் முழுக்க வெளியேறிய சோடியம் ஒரு மில்லிமோல் அளவுதான் இருந்தது. உப்புக் கணக்கில் சொன்னால் ஒரு கிராமில் பதினேழில் ஒரு பங்கு. அவர்கள் இரத்தத்தில் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் மிக உயர்ந்து நின்றன. இரத்த அழுத்தமோ தாழ்வாகவே இருந்தது, வயதானாலும் ஏறவில்லை. நாம் நோய்க்கான ஹார்மோன் என்று மாத்திரை போட்டு அடக்குவதை, அவர்கள் உடம்பு வாழ்நாள் முழுக்க உயிர்காக்கும் ஹார்மோனாக வைத்திருக்கிறது.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். முதலில், நம் வீடுகளில் 'நீர் மாத்திரை' என்று சொல்லப்படுவது.

என் பெரியம்மாவுக்கு இதயம் பலவீனமானபோது ஃபுரோசமைடு கொடுத்தார்கள். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். காலை காபியோடு மாத்திரை. பத்து மணிக்குள் நாலைந்து முறை கழிப்பறைக்கு எழுந்து போவார். மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். சாயங்காலம் பார்த்தால் கால் பழையபடி. 40 மில்லிகிராம் 80 ஆனது, அதற்கும் மேலே போனது. வீக்கம் அசையவில்லை. ஒருநாள் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர் ஒருவர் தலையைத் தூக்கி, "கஞ்சிக்கு என்ன தொட்டுக்கறீங்கம்மா?" என்று கேட்டார். பெரியம்மா தயங்காமல் சொன்னார்: "நார்த்தங்காய்தான். ஊறுகாயைத்தான் விட்டாச்சே."

உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, மேலே உப்புப் பூத்துக் கறுத்த நார்த்தங்காய். காய்ச்சல்காரருக்குக் கஞ்சியோடு கொடுப்பது, வாய்க்கசப்புக்கு நல்லது. பெரியம்மாவின் கணக்கில் அது மருந்து. உப்புப் பட்டியலில் அது ஏறவே இல்லை.

காலை முழுக்க மாத்திரை வெளியேற்றிய உப்பு, மத்தியானத்துக்கு மேல் எப்படித் திரும்பி வந்து சேர்ந்தது? கிறிஸ்டோபர் வில்காக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1983இல் இதை ஆரோக்கியமான ஆட்களிடம் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தில் நாளுக்குச் சுமார் 16 கிராம் உப்புள்ள உணவு. இன்னொரு கட்டத்தில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். இரண்டிலும் ஃபுரோசமைடு. நிறைய உப்பு தின்றபோது, மருந்து வேலை செய்த ஆறு மணி நேரத்தில் உப்பு வெள்ளமாக வெளியேறியது. மீதி பதினெட்டு மணி நேரத்தில் சிறுநீரகம் அத்தனையையும் சாப்பாட்டிலிருந்து மீட்டுக்கொண்டது. நாள் முடிவில் இழப்பு என்று ஒன்றும் இல்லை. உப்பைக் குறைத்த கட்டத்தில் மீட்டுக்கொள்ளச் சாப்பாட்டில் உப்பு இல்லை. இழந்தது இழந்ததாகவே நின்றது.

ஃபுரோசமைடிடம் இன்னொரு குணமும் இருக்கிறது. உப்பை ருசி பார்க்கும் செல்கள் என்று சொன்னேனே, அவை உப்பை உள்வாங்கப் பயன்படுத்தும் அதே வாயிலைத்தான் இந்த மாத்திரை அடைக்கிறது. குழாயில் உப்பு பாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும். செல்களுக்கோ நாக்கு மரத்துவிடும். உப்பே வரவில்லை என்று அவை தவறாக எண்ணி ரெனினை விடச் சொல்லும். மாத்திரை ஒரு கையால் வெளியேற்றுவதை, அது எழுப்பிவிட்ட ஹார்மோன் இன்னொரு கையால் சேர்த்து வைக்கும். சேர்த்து வைக்க உப்பு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரியம்மாவுக்கு நார்த்தங்காயிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திய பிறகு, கூட்டிய மாத்திரையைக் குறைத்தும் கால் வடிந்தது.

அடுத்தது, ரெனின் வழியையே மறிக்கும் மாத்திரைகள். இவற்றின் பிறப்பு ஒரு பாம்பிடம். பிரேசிலின் ஜரராக்கா விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து விழும். அந்த நஞ்சில் இருந்த ஒரு கூறை 1965இல் செர்ஜியோ ஃபெரேரா பிரித்தறிந்தார். லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்கு அதைக் கொண்டு சென்றார். ஆஞ்சியோடென்சினை நறுக்கித் தரும் நொதியை அது முடக்குகிறது என்பது அங்கே தெரியவந்தது. அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒன்டெட்டியும் அந்த நஞ்சைப் பார்த்துப் படித்து, வாயால் விழுங்கக்கூடிய சிறு மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். 1981இல் கேப்டோப்ரில் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. இன்று மாத்திரை அட்டையில் எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' போட்டு முடிவதெல்லாம் அதன் வழி வந்தவை. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று முடிபவை, உண்டான ஆஞ்சியோடென்சின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அடைப்பவை.

உப்பு நிறையத் தின்பவர் உடம்பில் ரெனின் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும். அழுத்தம் ஏறியிருப்பது உப்போடு சேர்ந்து தேங்கிய நீரால். அவருக்கு டெல்மிசார்ட்டன் கொடுப்பது ஆளில்லாத வீட்டின் முன்வாசலைப் பூட்டுவதுபோல. உப்பைக் குறைத்தால் ரெனின் எழும். அப்போது மாத்திரைக்குப் பிடிக்க ஆள் கிடைப்பான், அழுத்தம் நன்றாக இறங்கும். எல்லாப் பிரஷர் மாத்திரைக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்லோடிபின் இரத்தக் குழாயின் தசையை நேரே தளர்த்துவது. உப்பின் ஏற்ற இறக்கம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த விஷயத்தில் என் மனதில் பதிந்தது. சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயாளிகள் 52 பேர். எல்லாரும் லிசினோப்ரில் முழு அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதோடு இன்னொரு மாத்திரையாக வால்சார்ட்டனைச் சேர்த்தபோது புரத ஒழுக்கு 21 சதவீதம் குறைந்தது. மாத்திரையைச் சேர்க்காமல் உப்பை மட்டும் நாளுக்கு சுமார் 11 கிராமிலிருந்து 6 கிராம் அளவுக்கு இறக்கியபோது 51 சதவீதம் குறைந்தது. ஆறு கிராம் என்பது பத்தியச் சாப்பாடு கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்லும் அளவே ஐந்து கிராமுக்குக் கீழ்தான், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி.

அப்படியானால் உப்பை அடியோடு விட்டுவிடலாமா? இங்கே எச்சரிக்கை வேண்டும். உப்பு வற்றிய உடம்பை நிற்க வைத்திருப்பதே ரெனின் வழிதான். அந்த நிலையில் முதல் மாத்திரையைப் போட்டால் முட்டுக்கொடுத்த கம்பை உருவியதுபோல அழுத்தம் சரியும். படுக்கையிலிருந்து எழுந்தவர் அப்படியே விழுவார். அதனால்தான் நீர் மாத்திரை அதிகம் சாப்பிடுபவருக்கு 'ப்ரில்' தொடங்கும்போது மருத்துவர் சில நாள் முன்பே நீர் மாத்திரையைக் குறைப்பதுண்டு. வாந்தி பேதியிலும் இதே ஆபத்து. நீர் வற்றும்போது ஆஞ்சியோடென்சின், வடிகட்டியை விட்டு வெளியேறும் குழாயை இறுக்கி உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றும். மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். உடம்பு வலிக்கிறது என்று இடையில் டைக்லோஃபெனாக்கோ இபுபுரூஃபனோ விழுங்கினால், உள்ளே வரும் குழாயும் சுருங்கும். வடிகட்டி ஓய்ந்துவிடும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து, கூடவே பேதி. நன்றாக இருந்த சிறுநீரகம் சில நாளில் படுத்துவிட இது போதும்.

கடையில் 'லோ சோடியம் உப்பு' என்று விற்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1949இன் பாட்டில் அதைப் பார்த்தால் நினைவுக்கு வருகிறது. இதில் லித்தியம் இல்லை. சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு. இது நல்ல பொருள்தான். சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது ஆல்டோஸ்டீரோன். ப்ரில், சார்ட்டன் மாத்திரைகள் ஆல்டோஸ்டீரோனைத் தணிக்கின்றன. ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை அதை நேரடியாகவே தடுக்கிறது. சிறுநீரகமும் பழுதாகி, இந்த மாத்திரைகளும் உள்ளே போய், பொட்டாசிய உப்பும் சேர்ந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். இந்துப்பு இதற்கு மாற்று என்று பலர் நம்புகிறார்கள். இந்துப்பு ஏறக்குறைய முழுக்கவே சோடியம் குளோரைடு. அதன் இளஞ்சிவப்பு நிறம் சிறுநீரகத்துக்குத் தெரியாது.

இன்னொரு குழப்பமும் நம் பேச்சில் இருக்கிறது. "ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு" என்று நாம் சொல்வது யூரியாவும் கிரியாட்டினினும் கூடியதை. அது சிறுநீரகம் தளர்ந்ததன் அடையாளம். சாப்பாட்டு உப்பின் அளவைக் காட்டுவதில்லை. தின்ற உப்பு எவ்வளவு என்று அறிய, ஒரு நாள் முழுக்கப் பிரிந்த சிறுநீரைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நெதர்லாந்தில் அப்படித்தான் அளந்தார்கள். எல்லாருக்கும் அது கூடிவருவதில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்காருகிறார், அடுக்களை வாசல் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வகத்துக்குத் தெரியாத அப்பளக் கட்டும் மோர்மிளகாய் டப்பாவும் கருவாட்டுப் பையும் அவருக்குத் தெரியும். அந்த இளம் மருத்துவர் கேட்ட கேள்வியை அவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, மாத்திரை அட்டைகளோடு வீட்டு உப்புப் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். உப்பைக் குறைக்கப் போவதாக இருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். வாந்தி பேதி வந்தால் அன்றைய மாத்திரையைப் போடலாமா என்று போன் செய்தாவது கேளுங்கள்.